ஒருமுறை மட்டும் ஏறும் கடல்

விடுமுறைக்குக் கடற்கரை ஊரொன்றுக்குச் சென்று, ஒரு முழுப் பகலைப் படகிற் கழித்துத் திரும்புவது இன்று உலகெங்கும் பெருகிவிட்ட ஒரு பொழுதுபோக்கு. காலையில் துறையினின்று புறப்படுகிறார்கள், தீவுகளைச் சுற்றுகிறார்கள், நண்பகலில் படகிலேயே உண்கிறார்கள், மாலையில் நிழற்படங்களோடு கரை சேர்கிறார்கள். இதிற் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் அத்தகைய உலாவிற் பெரும்பாலோர் கடலின்மேல் உள்ளவற்றைக் காண்கிறார்களேயன்றிக் கடலைக் காண்பதில்லை. நீரின் நிறத்தைப் பார்க்கிறோம். நீர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

மாணவ நண்பர்களே, வியட்நாம் நாட்டின் வடகிழக்கே உள்ள ஹா லாங் விரிகுடாவில் நான் கழித்த ஒரு பகற்பொழுதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவ்விடத்தின் அழகைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் பேசப் போவது அங்குள்ள நீரைப் பற்றி. ஏனெனில், உலகின் பெரும்பாலான கடற்கரைகளில் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும் கடல், அங்கே ஒருமுறைதான் ஏறுகிறது, ஒருமுறைதான் இறங்குகிறது.

ஹா லாங், தலைநகராகிய ஹனோயிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. டாங்கின் வளைகுடாவின் ஒரு மூலையில், கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளின் கூட்டம் அது. வியட்நாமியர் கணக்கின்படி அத்தீவுகள் 1,969. 'ஹா லாங்' என்பதற்கு 'இறங்கிய நாகம்' என்பது பொருள். பகைவரைத் தடுக்க விண்ணினின்று இறங்கிய பறவை நாகங்கள் உமிழ்ந்த மணிகளே தீவுகளாயின என்பது அந்நாட்டுப் பழங்கதை. யுனெஸ்கோ நிறுவனம் 1994ஆம் ஆண்டில் இவ்விரிகுடாவின் இயற்கை வனப்புக்காகவும், 2000ஆம் ஆண்டில் அதன் நிலவியற் சிறப்புக்காகவும் இதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. 2023இல் அடுத்துள்ள காட் பா தீவுக்கூட்டத்தையும் இதனோடு இணைத்தது.

கடந்த ஐப்பசித் திங்களில், முழுநிலவு கழிந்து இரண்டொரு நாளில், என் மகன் குடும்பத்தாரோடு நான் அங்கே சென்றேன். துவான் சாவ் என்னும் துறையில் காலையிற் படகேறினோம். துறை அலுவலர் அனுமதி தந்த பின்னரே அங்கே படகுகள் புறப்படலாம். காற்று மிகும் என்னும் எச்சரிக்கை வருமாயின் அன்றைய உலா நிறுத்தப்படும்.

படகு தீவுகளுக்கிடையே புகுந்ததும் எல்லாரும் மேற்றளத்துக்கு ஏறினர். பள்ளியிற் படிக்கும் என் பேத்தி சிறிது நேரம் பாறைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, இந்தப் பாறைகளுக்கெல்லாம் அடியில் யாரோ கத்தியால் சுற்றிச் செதுக்கினதுபோல இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி! ஒவ்வொரு தீவின் அடியிலும், நீர்மட்டத்தை ஒட்டி, உள்நோக்கிக் குடைந்த ஒரு வளையம் இருந்தது. அதனாற் சில சிறு தீவுகள் காளானைப் போலக் காலூன்றி நின்றன.

அவ்வளையத்தைச் செதுக்கியது கடல். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னே, ஒரு பழங்கடலின் அடியில், உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணமும் படிந்து இறுகிப் பாறையாயின. அப்பாறை பின்னர் நிலமாக உயர்ந்தது. மழைநீர் அதனைக் கரைத்துக் கரைத்துக் குன்றுகளாகவும் குகைகளாகவும் வகுத்தது. கடைசிப் பனியூழி முடிந்து உலகக் கடல்கள் உயர்ந்தபோது, குன்றுகளுக்கிடையே இருந்த பள்ளத்தாக்குகளிற் கடல்நீர் புகுந்தது, குன்றுகள் தீவுகளாயின. ஆகவே நாங்கள் படகிற் சென்றது நீர் மூடிய ஒரு மலைநாட்டின் மேல் என்று சொன்னாலும் பிழையில்லை. அன்று தொட்டு, நீர் ஏறும் எல்லைக்கும் இறங்கும் எல்லைக்கும் இடைப்பட்ட பாறையைக் கடல் கரைத்து வருகிறது. பாறையிற் குடியிருக்கும் சிற்றுயிர்கள் அரித்து வருகின்றன. அவ்வளையம் கடலின் ஏற்ற இறக்கம் தன் கையால் எழுதி வைத்த பதிவேடு.

இவ்வேற்ற இறக்கத்தையே நம் நூல்கள் ஓதம் என்று கூறுகின்றன. ஓதம் எவ்வாறு உண்டாகிறது என்பதை நீங்கள் வகுப்பிற் படித்திருப்பீர்கள். நிலவின் ஈர்ப்பு, தன் பக்கத்துக் கடலை மிகுதியாகவும், மறுபக்கத்துக் கடலைக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டால் நிலவை நோக்கிய பக்கத்தில் ஒரு மேடும், எதிர்ப்பக்கத்தில் மற்றொரு மேடுமாக நீர் உயர்கிறது. சுழலும் நிலவுலகம் இவ்விரு மேடுகளையும் கடந்து செல்வதால், ஏறத்தாழ 24 மணி 50 நிமிடத்தில் இருமுறை நீர் ஏறி இருமுறை இறங்குகிறது. சென்னைக் கடற்கரையில் நிகழ்வது இதுவே. ஆனால் அங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவே ஆதலின், மணலில் உலாவுவோர் அதைக் கவனிப்பதில்லை.

அப்படியானால் ஹா லாங்கில் ஒருமுறை மட்டும் ஏறுவது ஏன்? நிலவு எப்போதும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்பதில்லை. மாதத்திற் சில நாள் வடக்கே செல்லும். சில நாள் தெற்கே செல்லும். அந்நாள்களில் அவ்விரு மேடுகளும் ஒத்த உயரத்தில் அமையா; ஓரிடம் ஒரு நாளிற் சந்திக்கும் இரு ஏற்றங்களுள் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். இஃது எல்லாக் கடலுக்கும் பொது. டாங்கின் வளைகுடாவின் தனித்தன்மை அதன் நீளத்திலும் ஆழத்திலும் இருக்கிறது. ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். ஊஞ்சலுக்கு இயல்பான ஓர் ஆட்டக்காலம் உண்டு. அதற்கு ஏற்பத் தள்ளினால் ஆட்டம் பெருகும். மாறித் தள்ளினால் ஆட்டம் மடங்கும். குடாக்கடலின் நீருக்கும் அத்தகைய ஆட்டக்காலம் ஒன்று உண்டு. டாங்கின் குடாவின் ஆட்டம், நாளுக்கு ஒருமுறை வரும் தள்ளுதலோடு பெரிதும் ஒத்துப்போகிறது; நாளுக்கு இருமுறை வரும் தள்ளுதலோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே ஒன்று பெருகுகிறது, மற்றது ஒடுங்குகிறது. நிலவு நடுக்கோட்டினின்று நெடுந்தொலைவு விலகிய நாள்களில் அங்கே நீர் 3 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். நிலவு நடுக்கோட்டைக் கடக்கும் நாளை ஒட்டியோ, கடல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.

இந்தப் புதுமை உலகுக்குத் தெரியவந்த வரலாறும் அறியத்தக்கது. பதினேழாம் நூற்றாண்டில் டாங்கினில் தங்கியிருந்த பிரான்சிஸ் டாவென்போர்ட் என்னும் ஆங்கிலேயர், அங்குள்ள ஆற்றுமுகத்தில் நீர் ஏறி இறங்குவதைப் பொறுமையோடு கவனித்துக் குறித்து வைத்தார். அவருடைய குறிப்பு லண்டனுக்குச் சென்றது. வால்மீனால் நமக்கு அறிமுகமான எட்மண்ட் ஹாலி, 1684ஆம் ஆண்டில் அதனைத் தம் ஆராய்ச்சியோடு வெளியிட்டார். மூன்றாண்டு கழிந்து, 1687இல் வெளிவந்த பிரின்சிபியா என்னும் தம் பெருநூலில், ஐசக் நியூட்டன் டாங்கின் துறையின் ஓதத்தைத் தனியே எடுத்து விளக்கினார். இரு வேறு கடல்வழிகளில் வரும் இரண்டு ஓதங்கள், ஒன்றுக்கொன்று ஆறு மணி நேரம் பிந்தி வந்து சேருமாயின், ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் அழித்துவிடக்கூடும் என்பது அவர் விளக்கம். இன்றைய அறிவியல் குடாவின் வடிவத்தையே முதற்காரணமாகக் கூறுகிறது. எனினும் இரண்டு அலைகள் கூடினால் ஒன்றையொன்று அழிக்கவும் கூடும் என்னும் அந்தக் கருத்து வீண்போகவில்லை. ஒளியும் அலையே என்று வாதிட்ட தாமஸ் யங், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அதனை நினைவுகூர்ந்தார்.

கிழக்குக் கடல்களை ஒருபோதும் கண்டிராத நியூட்டன் அக்கடலை விளக்க முடிந்தது எதனால்? நீர்க்கரையில் நின்று ஒருவர் நாள்தோறும் உயரத்தை அளந்து எழுதியதால். பேரறிஞரின் பெயர் நமக்கு நினைவிருக்கிறது; எழுதி வைத்தவரின் பெயர் நினைவில்லை. ஆனால் அவர் எழுதாதிருந்தால் இவர் விளக்குவதற்கு ஒன்றும் இருந்திராது.

அறிவியலறிஞர் விளக்கம் காண்பதற்கு ஏழு நூற்றாண்டுகள் முன்னரே, அக்கடலின் ஒழுக்கத்தை நன்கு அறிந்து பயன்படுத்தியவர்கள் அந்நாட்டு மக்கள். எங்கள் படகு, துறையைவிட்டு நெடுந்தொலைவு செல்லுமுன், தாவ் கோ என்னும் தீவின் அருகே சென்றது. அப்பெயரில் 'மரத்துண்டு' என்னும் பொருள் அடங்கியுள்ளது. 'அங்குள்ள குகையிலேதான் பண்டைத் தளபதி ஒருவர் மரத்தறிகளைச் சேமித்து வைத்தார்' என்று வழிகாட்டி கூறினார். அது செவிவழிச் செய்தி. ஆனால் அதற்குப் பின்னணியான போர் மெய்யான வரலாறு.

விரிகுடாவுக்கு மேற்கே பாக் டாங் ஆறு கடலோடு கலக்கிறது. கி.பி. 938இல் சீனத்துத் தென் ஹான் அரசின் கப்பற்படை அவ்வாற்றின் வழியே புகுந்தது. வியட்நாமியத் தலைவரான ங்கோ குயென், இரும்புப் பூண் இட்ட கூரிய மரத்தறிகளை ஆற்றுப்படுகையில் முன்கூட்டியே நடுவித்திருந்தார். நீர் உயர்ந்திருந்தபோது தறிகள் மறைந்திருந்தன. சிறு படகுகள் முன்சென்று பகைவரை எதிர்ப்பனபோற் காட்டிப் பின்வாங்கின. பெருங்கப்பல்கள் துரத்திக்கொண்டு தறிகளைத் தாண்டி உட்புகுந்தன. நீர் இறங்கத் தொடங்கியதும் பின்வாங்கிய படகுகள் திரும்பித் தாக்கின. வெளியேற முயன்ற கப்பல்கள் தறிகளில் மோதிச் சிக்கின. ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுச் சீன ஆட்சி அப்போரோடு முடிவுக்கு வந்தது. மூன்றரை நூற்றாண்டு கழிந்து, 1288இல், குப்ளாய் கானின் கப்பற்படையை டிரான் ஹுங் தாவ் என்னும் தளபதி அதே ஆற்றில் அதே முறையால் வீழ்த்தினார். அப்பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தறிகள் சிலவற்றை இன்றும் ஹனோய் அருங்காட்சியகத்திற் காணலாம்.

எண்ணிப் பாருங்கள். இருதரப்பாரிடமும் கப்பல் இருந்தது, படை இருந்தது, வீரம் இருந்தது. நீர் எந்த நேரத்தில் எவ்வளவு இறங்கும் என்னும் அறிவு ஒரு தரப்பாரிடம் மட்டும் முற்றாக இருந்தது. அந்த அறிவே வென்றது.

பின்னர், சுங் சாட் என்னும் பெருங்குகையைப் பார்த்தோம். வியப்புக் குகை என்று பிரெஞ்சுக்காரர் அதற்குப் பெயரிட்டனர். அப்பெயருக்கு ஒரு குறையும் இல்லை. நண்பகல் உணவு படகிலேயே முடிந்தது. அதன்பின் லுவோன் என்னும் இடத்துக்கு வந்தோம். செங்குத்தான பாறைச் சுவரின் அடியில், நீர்மட்டத்தில், ஒரு தாழ்ந்த வளைவு உண்டு. அதன் வழியே நுழைந்தால் நாற்புறமும் பாறை சூழ்ந்த ஓர் அமைதியான நீர்நிலை. பெரும்படகு உள்ளே செல்லாது. ஆகவே மூங்கிற் படகுகளுக்கு மாறினோம். எங்கள் படகைச் செலுத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார்.

வளைவின் கீழ்ச் செல்லும்போது, சிப்பிகளும் கொட்டலசுகளும் ஒட்டிய ஈரப்பட்டை ஒன்று எங்கள் தோளுயரத்துக்கு மேலே தெரிந்தது. காலையில் அது நீருக்குள் இருந்திருக்க வேண்டும். வழிகாட்டியின் துணைகொண்டு அம்மையாரிடம், "அம்மா, நீர் எப்போது இறங்கும் என்பதை எப்படி அறிகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் துடுப்பை நிறுத்தாமலே பாறையைச் சுட்டிக் காட்டினார். பிறகு வானத்தைக் காட்டினார். "பாறையைப் பார்ப்போம், நிலவைப் பார்ப்போம், ஐயா. எங்களுக்குக் கடிகாரம் பின்னால் வந்ததுதானே?" என்று அவர் கூறியதாக வழிகாட்டி மொழிபெயர்த்தார். மாதத்தில் எந்தெந்த நாள்களில் நீர் பெருகத் தொடங்கும், எந்தெந்த நாள்களில் நீர் நின்றுவிடும், நின்றிருக்கும் நாள்களில் எந்த மீன் அகப்படாது என்பதையெல்லாம் அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். நியூட்டன் ஏட்டில் எழுதியதும் அந்த அம்மையார் விரல்விட்டு எண்ணியதும் ஒரே செய்தியே!

அவர் குவா வான் என்னும் மிதக்கும் சிற்றூரிற் பிறந்தவர். அங்கே வீடுகள் மிதவைகளின்மேல் நின்றன, கடையும் மிதந்தது, பள்ளிக்கூடமும் மிதந்தது. 2014ஆம் ஆண்டில் மாநில நிர்வாகம் அத்தகைய சிற்றூர்களில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கரையில் வீடு கட்டிக் குடியேற்றியது. புயலினின்று காப்பதும், விரிகுடாவின் நீரைத் தூய்மையாக வைப்பதும், சிறுவர்க்கு ஒழுங்கான கல்வி தருவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். அவர் பிள்ளைகள் கரையிற் படித்தவர்கள். "நல்லதுதான்" என்றார். சற்று நேரம் துடுப்புப் போட்டபின், "ஆனால் என் பிள்ளைகள் பாறையைப் பார்ப்பதில்லை" என்றார்.

வாழ்நாளெல்லாம் பள்ளிக்கூடத்திற் கழித்த எனக்கு அச்சொல் எளிதில் நீங்கவில்லை. மிதக்கும் வீட்டிற் புயலுக்கு அஞ்சி வாழவேண்டும் என்று எந்தக் குழந்தையையும் நாம் வற்புறுத்தலாகாது. கரையிலுள்ள பள்ளிக்கூடம் நன்மையே. எனினும், ஒரு பள்ளிக்கூடம் புதிய அறிவைத் தரும்போது, வீட்டிலிருந்து பிள்ளை கொண்டுவரும் பழைய அறிவை வாயிலிலேயே இறக்கி வைக்கச் சொல்வது முறையன்று. கடலோரத்துப் பிள்ளைக்கு ஓதத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், முதலில், 'உன் பாட்டி இதற்கு என்ன பெயர் சொல்வார்?' என்று கேட்கவேண்டும். பிள்ளை அதனை வீட்டிற் கேட்டு எழுதி வரவேண்டும். டாவென்போர்ட் செய்தது அதுவே அன்றோ? வாயிலிருக்கும் அறிவு ஒரு தலைமுறையோடு மறையக்கூடும். எழுதிய அறிவு நியூட்டனையும் சென்று அடையும்.

மாலையில் டிடோவ் தீவுக்குச் சென்றோம். 1961இல் நிலவுலகைச் சுற்றிவந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிடோவ், 1962இல் ஹோ சி மின்னோடு அங்கே வந்தார். அந்நினைவாகத் தீவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் விரிகுடா முழுவதும் கண்முன் விரியும். இளையவர்கள் ஏறினார்கள், நான் பாதியோடு நின்றேன். அங்கிருந்தே கீழே நோக்கியபோது, கரையின் மணற்பரப்பு நாங்கள் இறங்கியபோது இருந்ததைவிட அகன்றிருப்பது தெரிந்தது. காலையில் உயர்ந்திருந்த நீர், நாள் முழுதும் இடைவிடாது இறங்கிக்கொண்டிருந்தது. இருமுறை ஏறும் கடலாயின், இதற்குள் அது திரும்பி ஏறத் தொடங்கியிருக்கும்.

இனி ஒன்று சொல்லவேண்டும். அது மகிழ்ச்சியான செய்தியன்று. ஓதத்துக்குக் கால அட்டவணை உண்டு. காற்றுக்கு அத்தகைய அட்டவணை இல்லை. நாங்கள் செல்வதற்கு நான்கு திங்கள் முன்பு, 2025ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் பிற்பகலில், இதே விரிகுடாவிற் திடீரென்று எழுந்த இடிமழைக் காற்றிற் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. குழந்தைகள் உள்ளிட்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரில் யாகி என்னும் சூறாவளி அக்கரையைத் தாக்கியபோது, துறையிற் கட்டியிருந்த படகுகளே பல மூழ்கின. மலைபோலத் தீவுகள் சூழ்ந்திருப்பதால் அந்நீர் குளம்போல் அமைதியாகத் தோன்றும். அத்தோற்றம் உறுதிமொழியன்று.

எங்கள் படகில், மூங்கிற் படகுக்கு மாறும்போது அனைவரும் உயிர்காப்பு மிதவைச் சட்டை அணியவேண்டும் என்று பணியாளர் கூறினர். சிலர், "குளம்போல் இருக்கிறதே, இஃது எதற்கு?" என்று முணுமுணுத்தனர். நிழற்படத்தில் நன்றாகத் தோன்றாது என்பது வேறு சிலர் குறை. துடுப்புப் போடும் அம்மையாரோ, பிறந்த நாள் முதல் அந்நீரில் வாழ்ந்தவர், தம் சட்டையின் வாரை இறுக்கிக் கட்டியபின்னரே படகை அவிழ்த்தார். கடலை அறிந்தவர் அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுகிறார். அறியாதவர் அஞ்சுவதற்கே நாணுகிறார்.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் வருங்காலத்தில் வேற்று நாடுகளுக்குச் செல்வீர்கள். இதுபோன்ற படகுகளில் ஏறுவீர்கள். ஏறுமுன் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அணியச் சொன்னால் அணியுங்கள். படகுத் தலைவர் இன்று செல்லலாகாது என்றால் வாதிடாதீர்கள். இவை சிறு செயல்கள். ஆனால் உயிர் இவற்றிலேதான் இருக்கிறது. பிறகு, படகு ஓரிடத்தில் நிற்கும்போது கரையிலுள்ள ஒரு பாறையையோ தூணையோ குறியாகக் கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அதைப் பாருங்கள். நீர் ஏறியதா, இறங்கியதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வெளிநாடு சென்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை. நம் கடற்கரை நெடுகிலும் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயரிட்டு, அதன் குணமறிந்து கடலுக்குச் செல்லும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். கேட்டதை நாளும் நேரமும் குறித்து எழுதுங்கள். நீங்கள் எழுதியதைப் படித்து விளக்கம் காணப்போகிறவர், நியூட்டன் டாங்கினைக் கண்டிராததுபோல், உங்கள் ஊரைக் கண்டிராதவராகவும் இருக்கலாம்.